காலையில் போனை எழுப்புகிறவள்

காலையில் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டீர்கள். ரொட்டி இரண்டு துண்டு, டீ இரண்டு கப். குரல் அளவு பார்க்க இது போதுமா, இன்னும் பேசவேண்டுமா? பேசிக்கொண்டே இருங்கள் என்று ரெக்கார்டிங் ரூம் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைச் சுழற்றிக் காட்டுகிறீர்கள். சரி சார். வருஷக்கணக்காக எழுதிக் கொடுத்ததை மட்டுமே பேசினவளைச் சொந்தமாகப் பேசச் சொல்லிவிட்டீர்கள். இனி உங்கள் பொறுப்பு.

அந்த இரண்டு கப்பில் ஒன்று என் தங்கைக்கு. அவள் இப்போது வீட்டில் இல்லை. ஆனால் கை இன்னும் இரண்டு பேருக்குத்தான் தண்ணீர் வைக்கிறது. போட்ட டீயைக் கொட்ட மனம் வராமல் அவளுடையதையும் நானே குடிக்கிறேன். ஆறிப் போயிருக்கும். அவளும் அதை ஆறவிட்டுத்தான் குடிப்பாள், அதனால் ருசியில் தப்பு இல்லை.

என் குரல் உங்களுக்குப் புதிதல்ல. இந்த போன் கம்பெனியின் புகார்ப் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அறிவிப்பு பேச வரவேண்டிய பாடகிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு நடந்துவந்தார். அந்த நேரம் ஒரு வாடிக்கையாளர் போனில் என்னைப் பரம்பரையோடு சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். நான் "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மேனேஜர் அப்படியே நின்றுவிட்டார். அன்றைக்கே ஸ்டோர் ரூமில் ஜன்னலுக்குக் கம்பளி போர்த்தி, ஃபேனை நிறுத்தி, என்னை மைக் முன்னால் உட்காரவைத்தார்கள். என் குரலில் கோபமும் இல்லை, கொஞ்சலும் இல்லை, வடிகட்டின தண்ணீர் மாதிரி இருக்கிறது என்றார் மேனேஜர். பாராட்டுத்தானா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அதிலிருந்து இந்த ஜனங்கள் யாரைக் கூப்பிட்டு யார் கிடைக்கவில்லை என்றாலும் நடுவில் நான் வருகிறேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார், சற்று நேரம் கழித்து மீண்டும் முயற்சிக்கவும். எத்தனை காதலர்கள், எத்தனை கடன்காரர்கள். எல்லாருக்கும் ஒரே குரலில்தான் சொல்லியிருக்கிறேன். பாரபட்சம் பார்த்ததில்லை, ஒரே ஒரு தடவை தவிர.

என் தங்கையை வீட்டில் பொடிசு என்போம். தலையில் பாதி நரைத்த பிறகும் பொடிசுதான். அப்பா, அம்மா போன பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட நான் ஒருத்திதான் மிச்சம். சாப்பிட வா என்று நான் கூப்பிட்டால் உள்ளேயிருந்து என் குரலிலேயே பதில் வரும்: "நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தற்போது குளித்துக்கொண்டிருக்கிறார்." மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஊருக்கெல்லாம் பார்வை கொடுப்பாள். வீட்டுக்கு வந்தால் தன் கண்ணாடியைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துவிட்டு, கண்ணாடி எங்கே என்று தேடுவாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எனக்கு உதவியது.

மைக்கைத் தட்டக்கூடாதா? சரி, கையை மடியில் வைத்துக்கொள்கிறேன்.

அவள் போனில் இரண்டு சிம். முதல் நம்பர் கடைக்கு வருகிறவர்களுக்கு, தெரிந்தவர்களுக்கு, ஊர் உலகத்துக்கு. இரண்டாவது நம்பர் எனக்கு. அது வேறு கம்பெனி. இன்டர்நெட்டும் அதில்தான். ஒருமுறை பஸ்ஸில் அவள் பை தொலைந்தது. எடுத்தவர் யாரோ அந்த முதல் சிம்மைத் தன் போனில் போட்டு, வெளியூர்ச் சொந்தங்களையெல்லாம் ஆசைதீர நலம் விசாரித்துவிட்டார். அதன்பிறகு அதே நம்பருக்குப் புது சிம் வாங்கி, அதற்கு ஒரு பூட்டுப் போட்டேன். நாலு இலக்க எண். போனுக்கு இல்லை, சிம்முக்கு. எண்ணைப் போடாவிட்டால் அந்த நம்பர் செத்தது மாதிரி.

பொதுவாக போனை அணைத்துப் போட்டால்தான் அந்த எண்ணைக் கேட்கும். பொடிசின் போன் ஏரோபிளேன் மோடிலிருந்து வெளியே வந்தாலே கேட்கும். என் போன் கேட்காது. ஏன் இந்த வித்தியாசம் என்று கம்பெனியில் வேலை பார்த்த எனக்கே தெரியாது. சிலர் கண்ணை முழித்ததும் நேராக வேலையைப் பார்ப்பார்கள். சிலரைத் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து எழுப்பவேண்டும். போனிலும் அப்படி இரண்டு ஜாதி போலிருக்கிறது.

பொடிசு தூங்கப் போகும்முன் போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுவாள். பகலெல்லாம் ஊரார் பேச்சைக் கேட்கிறதே, அதுவும் கொஞ்சம் தூங்கட்டும் என்பாள். காலையில் தலை வாரிக்கொள்ளச் சீப்பை நீட்டுகிற குழந்தை மாதிரி போனை என்னிடம் நீட்டுவாள். "அக்கா, எழுப்பு." நான் ஏரோபிளேன் மோடை எடுப்பேன். சிம் எண்ணைக் கேட்கும். போட்டுக் கொடுப்பேன். என்ன எண் என்று அவள் கேட்டதே இல்லை. டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. ஒரு நாளில் எனக்கு மிகவும் பிடித்த வேலையும் அதுதான்.

இப்போது சாவிக்காரர். ஒருநாள் காற்றில் கதவு சாத்திக்கொண்டது, சாவி உள்ளே. நாங்கள் இரண்டு பேரும் கையில் காய்கறிப் பையோடு படியில் நிற்கிறோம். தெருமுனையில் சாவி வெட்டும் கடை வைத்திருந்தவரைக் கூட்டிவந்தோம். தும்மல் போடுகிற நேரத்தில் திறந்துவிட்டார். டீ கொடுத்தேன். தட்டில் ஊற்றி, ஊதி, சத்தமாகக் குடித்தார். அப்புறம் பொடிசின் தலைமேல் இருந்த கண்ணாடியைப் பார்த்து, திருகு ஒன்று லூசாக இருக்கிறது என்றார். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணாடிக்குத் திருகு முடுக்குகிறவள், தன் கண்ணாடியைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். அப்போதே எனக்கு விளங்கியிருக்கவேண்டும்.

எனக்கு அவர்மேல் கோபம் எதுவும் இல்லை, சார். யோசித்துப் பார்த்தால் சில குறைகள் இருந்தன, அவ்வளவுதான். ஆள் வருவதற்கு முன்னால் இடுப்புச் சாவிக்கொத்து வரும். வைத்திருப்பது பட்டன் போன், ஒரு மெசேஜ் அனுப்பத் தெரியாது. தவிர, யார் வீட்டையும் திறக்கத் தெரிந்த மனிதர். அப்படிப்பட்டவரிடம் ஒரு பெண்ணைக் கொடுப்பதற்கு முன் பெரியவர்கள் யோசிக்க மாட்டார்களா? எங்கள் வீட்டில் பெரியவர்கள் என்றால் நான் ஒருத்திதான்.

ஒருநாள் துவைத்த துணியை மடித்துக்கொண்டே பொடிசு சொன்னாள்.

"அக்கா, அவர் வேற ஊருக்குப் போறார். அங்க புது மார்க்கெட்ல கடை கிடைச்சிருக்காம். என்னையும் வரச் சொல்றார்."

"சாவி வெட்டற கடைக்கு ரெண்டு ஆள் எதுக்கு?"

"கல்யாணத்துக்கு ரெண்டு ஆள் வேணும்க்கா."

நான் கையிலிருந்த துண்டை மடித்து முடித்தேன். நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன், தெருவில் வைத்துப் பேசவேண்டாம், போன் பண்ணுங்கள் என்று சொல்லியிருக்கிறாளாம். அக்கா என்ன சொல்கிறாய் என்றாள். நிதானமாக யோசி என்றேன். அதே குரலில்தான் சொன்னேன்.

மறுநாள் காலை அவள் போனை நீட்டினாள். ஏரோபிளேன் மோடை எடுத்தேன். சிம் எண்ணைக் கேட்டது. கீழே ஓரத்தில் 'தவிர்' என்று ஒரு வார்த்தை இருந்தது. அத்தனை நாளும் அது அங்கேதான் இருந்திருக்கும். அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது. அதை அழுத்தினேன். போன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது சிம்முக்கு டவர் வந்தது, இன்டர்நெட் வந்தது, பார்ப்பதற்கு எல்லாம் ஒழுங்காக இருந்தது. முதல் சிம்மின் இடத்தில் மட்டும் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு பூட்டுப் படம். கண்ணாடி தலைமேல் இருக்கிறவளுக்கு அது தெரியாது.

பார்த்தீர்களா, நான் எதையும் செய்யவில்லை. தினமும் செய்துகொண்டிருந்த ஒன்றைச் செய்யாமல் விட்டேன். யாரையும் பொய் சொல்லிப் பிரிக்கவில்லை, மொட்டைக் கடிதம் போடவில்லை. ஒரு மனிதருக்கு நிஜமாகவே ஆசை இருந்தால் கொஞ்ச நாள் கிடைக்காவிட்டாலும் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார், இல்லாவிட்டால் விட்டுவிடுவார். இதை ஒரு பரீட்சை என்றுதான் நான் வைத்துக்கொண்டேன். பொடிசு நன்றாக இருக்கவேண்டும், அதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. அந்த நாட்களில் அவளை என் ஒருத்தியால் மட்டும்தான் கூப்பிட முடிந்தது என்பது உண்மை. மத்தியானம் சாப்பிட்டாயா என்று கூப்பிடுவேன். உடனே எடுப்பாள். மணி அடித்ததும் அப்படி அவசரமாக எடுப்பாள். நான்தான் என்று தெரிந்ததும் "ஓ, நீயா" என்பாள்.

தண்ணீர் குடிக்கலாமா? நன்றி.

அந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம் பொடிசு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். சாவிக்காரர் ஏணியிலிருந்து விழுந்து கால் உடைந்துவிட்டதாம். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பரணில் இருந்த பெட்டியை எடுக்க ஏறியிருக்கிறார். விழுந்த இடத்திலிருந்து இவளுக்குத்தான் போன் போட்டிருக்கிறார், பல தடவை. பக்கத்துக் கடைக்காரர் சாப்பிட்டுத் திரும்பி வருகிறவரைக்கும் அங்கேயே கிடந்திருக்கிறார்.

"என் போன்ல ஒண்ணுமே காட்டலையேக்கா. கையிலதானே வெச்சிருந்தேன்."

டவர் இருந்திருக்காது என்றேன். சில சமயம் அப்படி ஆகும், கம்பெனியில் நிறையப் புகார் வரும் என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றினாள்.

மறுநாள் காலையில் போனை நீட்டினாள். "அக்கா, எழுப்பு." எடுத்தேன். எண்ணைக் கேட்டது. 'தவிர்' அழுத்தினேன்.

சுற்றிச் சுற்றி வந்தது இதைச் சொல்லத்தான். முதல் நாள் செய்ததற்கு ஆயிரம் சமாதானம் இருக்கிறது. கால் உடைந்த செய்தி தெரிந்த பிறகு, மறுநாள் காலையில், கை நடுங்காமல் அதையே செய்தேன். டீகூட அன்றைக்கு நன்றாக வந்திருந்தது. அதற்கப்புறமும் தினமும் செய்தேன். அவர் மாவுக்கட்டோடு கிடந்த நாளெல்லாம் செய்தேன். பொடிசும் தினமும் போனை நீட்டினாள், நானும் தினமும் வாங்கினேன். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது, பழையபடி கேலி பேச ஆரம்பித்தாள். மறந்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். என் வைத்தியம் வேலை செய்கிறது என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டும் சத்தம். இவ்வளவு பூட்டுத் திறக்கத் தெரிந்தவர் கதவைத் தட்டிவிட்டுத்தான் நிற்கிறார் என்பதை மட்டும் அவருடைய நல்ல குணத்தில் சேர்த்துக்கொள்ளலாம். கக்கத்தில் கட்டைக் கம்போடு நின்றார். பின்னால் பொடிசு. "வாங்க. கொஞ்சம் பொறுங்க, நாற்காலி போடறேன்" என்றேன். மனிதர் அசையவில்லை. என்னையே பார்த்தார். முன்பு வந்தபோது அவர் கவனம் பூட்டிலும் திருகிலும் இருந்தது, என் குரலைக் கேட்டிருக்கவில்லை போலிருக்கிறது.

"நீங்கதானா அது?" என்றார். "ஏணிக்குக் கீழ கிடந்தப்போ எனக்குத் துணையா இருந்தது உங்க குரல்தாங்க. சற்று நேரம் கழித்து மீண்டும் முயற்சிக்கவும்னு சொன்னீங்க. நானும் சற்று நேரம் பொறுத்துக்கிட்டு, மறுபடி முயற்சி பண்ணினேன். மறுபடியும் சொன்னீங்க. மறுபடியும் பொறுத்துக்கிட்டேன்."

குத்திக்காட்டிப் பேசவில்லை, சார். குத்தலாக இருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கோயில் மணியைப் பற்றிப் பேசுகிற மாதிரி மரியாதையாகச் சொன்னார். என் அறிவிப்பை இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை பிசகாமல் கடைப்பிடித்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான். வேறு யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்டேன்.

"தோணலைங்க" என்றார்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி வைத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். விழுந்ததற்கு அடுத்த நாளிலிருந்து அந்தக் குரல் வரவே இல்லையாம். மத்தியானம் கூப்பிட்டால் பொடிசே எடுத்துவிடுகிறாளாம். தினமும் பேசுகிறார்களாம். ஆனால் போகலாமா என்று கேட்டால் மட்டும், "அக்கா இன்னும் சொல்லலை, கொஞ்சம் பொறுங்க" என்கிறாளாம். இவர் பொறுத்துக்கொண்டிருக்கிறார். பொறுப்பதில் இவருக்கு நல்ல பழக்கம் ஆகிவிட்டதே. ஆனால் மார்க்கெட்காரர்கள் பொறுக்க மாட்டார்கள், இந்த வாரம் போய்க் கடையைத் திறக்காவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

நான் சமையலறைக்குப் போனேன். பொடிசு டீயை வடிகட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடி மூக்கில் இருந்தது.

"எப்படி?" என்றேன்.

"பஸ் ஸ்டாப்ல போய் ஏரோபிளேன் மோடு போட்டு எடுப்பேன். நம்பர் கேக்கும், போடுவேன்." டீயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மூணு தடவை தப்பாப் போட்டா சிம் மொத்தமா பூட்டிக்கும்னு நீதானே சொல்லியிருக்கே. பயந்துகிட்டேதான் போட்டேன். முதல் தடவையே திறந்துடுச்சு. என் பிறந்த நாள்."

ஆமாம், அவள் பிறந்த நாள்தான். தேதியும் மாசமும். வேறு எந்த எண்ணும் எனக்கு மறந்துபோகலாம்.

ஆக, நான் தினமும் வீட்டில் பூட்டினேன், அவள் தினமும் பஸ் ஸ்டாப்பில் திறந்தாள். திரும்பவும் தூங்கப் போகும்முன் ஏரோபிளேன் மோடில் போட்டு, காலையில் ஒன்றும் தெரியாதவள் மாதிரி என்னிடம் நீட்டினாள். கூட்டாகத் தொழில் நடத்தியிருக்கிறோம். அப்படியென்றால் என்னிடம் ஏன் கொடுத்தாய், நீயே திறந்துகொண்டு போயிருக்கலாமே என்று கேட்டேன்.

"என்னைக்காவது ஒருநாள் நீயே நம்பரைப் போடுவேன்னு பார்த்தேன்க்கா."

அழுதுகொண்டு சொல்லவில்லை. சர்க்கரை போதுமா என்று கேட்கிற மாதிரிச் சொன்னாள். பிறகு தட்டோடு ஒரு கப்பை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அவர் தட்டில் ஊற்றிக் குடிக்கிற சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது.

மறுநாள் காலை. அவள் போனை நீட்டினாள். "அக்கா, எழுப்பு" என்றாள். வழக்கத்தைவிட மெதுவாகச் சொன்னாள் என்று எனக்குப் பட்டது. இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள், சார், ஏனென்றால் இதில் எனக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது. அன்றைக்கு நான் நிஜமாகவே எண்ணைப் போடத்தான் போனேன். மோடை எடுத்தேன். எண்ணைக் கேட்டது. ஆனால் விரல் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அது தானாகக் கீழே போய்த் 'தவிர்' என்பதை அழுத்திவிட்டது. மனசு ஒன்று நினைக்க, விரல் ஒன்று செய்தது. மறுபடி ஏரோபிளேன் மோடு போட்டு எடுத்திருந்தால் மறுபடி கேட்டிருக்கும். அது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் தோன்றவில்லை. ஏணிக்குக் கீழே கிடந்தவருக்குத் தோன்றாதபோது எனக்கு மட்டும் தோன்றவேண்டும் என்று என்ன கட்டாயம்?

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. அந்தக் குண்டூசித் தலைப் பூட்டு அவளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். "சரிக்கா" என்றாள். என் தோளில் ஒரு நூல் ஒட்டியிருந்தது, அதை எடுத்துப் போட்டாள். டீயைச் சூடாகவே குடித்துவிட்டுப் போனாள்.

அந்த வாரமே ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம். சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன். குற்றவாளியே சாட்சியாக வந்தால் ஆபீஸ்காரர்கள் கண்டுபிடிக்கவா போகிறார்கள்? போட்டோவில் கட்டைக் கம்பும் அவரும் ஒரு பக்கம், பொடிசு நடுவில், நான் இந்தப் பக்கம். மூன்று பேரில் நான்தான் அழகாகச் சிரித்திருக்கிறேன் என்று எல்லாரும் சொன்னார்கள்.

ஊருக்குக் கிளம்பும்போது பொடிசு இரண்டாவது சிம்மைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். அந்த ஊரில் அந்தக் கம்பெனிக்கு டவரே கிடையாதாம். அப்படித்தான் இருக்கும். அதனால் இப்போது நானும் ஊர் உலகத்தோடு சேர்ந்து முதல் நம்பருக்குத்தான் கூப்பிடுகிறேன். காலையில் போனை யார் எழுப்புகிறார்கள் என்று ஒருதடவை கேட்டேன். "பூட்டையே எடுத்துட்டேன்க்கா" என்றாள். எனக்கும் ஒரு வேலை மிச்சம்.

தினமும் சாயங்காலம் கூப்பிடுகிறேன். பல நாள் எடுக்கிறாள், அவர் டீ குடிக்கிற சத்தம்கூடக் கேட்கும். சில நாள் நான் எடுக்கிறேன். என் குரல்தான் வருகிறது. எல்லைக்கு வெளியே இருக்கிறாள் என்கிறேன், எனக்கே. மார்க்கெட் கட்டடத்தில் சுவர் கனம், டவர் உள்ளே வராது என்று பொடிசு அப்புறம் சொல்வாள். நான் நம்புகிறேன். ஏரோபிளேன் மோடாக இருக்காது. சாயங்காலத்தில் யார் போனைத் தூங்கவைப்பார்கள்?

அளவு சரியாக இருக்கிறதா? கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டீர்கள், இத்தனை பேச்சில் ஒரு வார்த்தைகூடக் காதில் வாங்கியிருக்க மாட்டீர்கள். மீட்டரில் முள் ஆடுகிறதா என்று பார்ப்பதுதானே உங்கள் வேலை. பழைய பதிவு கரகரப்பாக இருக்கிறது, மெஷின் குரல் போட்டால் அதில் மனசு இல்லை என்று வாடிக்கையாளர்கள் குறைப்படுகிறார்கள் என்று சொல்லித்தான் என்னை மறுபடி கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார்கள். தாளைக் கொடுங்கள். படிக்கிறேன்.

"நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார். சற்று நேரம் கழித்து மீண்டும் முயற்சிக்கவும்."

வந்துவிட்டதா? இன்னொரு தடவை சொல்கிறேனே, சார். இந்த முறை கொஞ்சம் அன்பாக. கேட்கப்போகிறவள் நான்தான்.